அரை மணி நேரத்தில் வற்றிய குழி

2023 ஜூலை 9

பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவில் வீடு கட்டியிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி. அவர் எழுதியபடியே போடுகிறேன்:

"அண்ணே, எங்கள் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் கீழ்வீட்டுக்குள் போகிறது. அந்த அம்மா தினமும் சண்டை. பின்பக்கம் பத்துக்குப் பத்து, மூன்றடி ஆழத்தில் ஒரு குளம் மாதிரி வெட்டி மழைத் தண்ணீரை மண்ணுக்குள் விடலாம் என்று யோசனை. ஓரடிக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் வற்றிவிட்டது. மண் நல்ல மண்தானே? வெட்டலாமா?"

2023 ஜூலை 9, இரவு

வெட்டாதீர்கள். ஜூலையில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடித்து மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண் முதல் வாளியைக் குடிக்கத்தான் செய்யும். அது தாகம். தாகம் தீர்ந்த பிறகு எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் கணக்கு. இன்னொன்று, ஓரடியில் இருப்பது மேல்மண். வேரும் மண்புழுவும் போன பாதை எல்லாம் அதில்தான். மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் இதைத்தான் பெர்கொலேஷன் டெஸ்ட் என்பார்கள். குளத்தின் அடி மூன்றடியில் என்றால் டெஸ்டும் மூன்றடியில்தான் செய்ய வேண்டும்.

2023 ஜூலை 11

எப்படிச் செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்யும் விதம் இது.

முதலில் அகலமாக மூன்றடி வெட்டி இறங்குங்கள். அதன் தரையில் பன்னிரண்டு அங்குல அகலம், பதினைந்து அங்குல ஆழத்துக்கு இன்னொரு வட்டக் குழி. அலவாங்கால் குத்தி எடுக்கும்போது குழிச் சுவர் பளபளவென்று மெழுகின மாதிரி ஆகிவிடும், களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அந்த மெழுக்கைச் சுரண்டாமல் தண்ணீர் ஊற்றினால், பானைக்குள் ஊற்றிவிட்டு வற்றவில்லை என்று சொல்வது மாதிரிதான். பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்றின் நுனியால் சுற்றிவரக் கீறிவிடுவேன். உதிர்ந்த மண்ணைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் கழுவின சல்லி. மேலே ஒரு சாக்குத் துண்டு. தண்ணீரைச் சாக்கின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். வாளியைக் கவிழ்த்தால் அடி கலங்கி, வண்டல் எல்லாத் துளையையும் அடைத்துவிடும்.

பிறகு ஊறவிடுவது. சல்லிக்கு மேல் ஓரடி தண்ணீர், குறைந்தது நான்கு மணி நேரம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே இரவு முழுக்க விட்டு அடுத்த நாள் அளக்கலாம். களிமண்ணுக்கு இதில் சமரசமே இல்லை, அது ஊதிப் பெருத்த பிறகுதான் உண்மையான குணத்தைக் காட்டும்.

அளப்பதற்கு என்னிடம் இருக்கும் கருவியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு வட்டம், நடுவில் சைக்கிள் கம்பி. குழிக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகையில் ஓட்டை, அதற்குள்ளால் கம்பி மேலே வரும். கம்பியின் உச்சிக்குப் பக்கத்தில் அடிமட்டம். இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை, இடுப்பும் பிழைக்கும். அரை மணிக்கு ஒருமுறை இறக்கத்தை எழுதி, மறுபடி ஓரடிக்கு நிரப்புங்கள். அடுத்தடுத்த மூன்று அளவு ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நிறுத்தலாம்.

ஒரு குழி போதாது. இரண்டாவது, முடிந்தால் மூன்றாவதும் வெட்டுங்கள். மலையில் பத்தடி தள்ளினால் வேறு மண்.

2023 ஜூலை 16

தம்பி சொன்னபடியே செய்திருக்கிறார். முதல் குழியில் கடைசி மூன்று அளவும் அரை மணிக்கு மூன்று அங்குலம். மணிக்கு ஆறு அங்குலம். மூன்றடித் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் போய்விடும். சாயந்தரம் பெய்தால் நடுச்சாமத்தில் காலி. தாராளமாக வெட்டலாம்.

இரண்டாவது குழி கீழே, வேலி ஓரம். அதில் தண்ணீர் நிற்கவே இல்லையாம், ஊற்ற ஊற்றப் போகிறதாம். அதிர்ஷ்டக்காரர்.

2023 ஜூலை 17, விடியற்காலை

நேற்று எழுதியது பிழை. படுத்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கட்டிட வேலையில் நின்றும் இந்த இடத்தில் வழுக்குகிறேன் என்றால் வெட்கம்தான்.

ஓரடி அகலக் குழியில் தண்ணீர் அடியால் மட்டும் போவதில்லை. அடியின் பரப்பு 113 சதுர அங்குலம். தண்ணீர் சராசரியாகப் பத்தரை அங்குலம் நிற்கும்போது நனைந்திருக்கும் சுவரின் பரப்பு 396. மொத்தம் 509. அதாவது போன தண்ணீரில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு பக்கச் சுவரால் போனது. ஆறு அங்குலத்தை 113-ஆல் பெருக்கி 509-ஆல் வகுத்தால் மணிக்கு 1.33 அங்குலம். மண்ணின் உண்மையான உறிஞ்சும் வேகம் அதுதான். இதைப் போர்ஷே முறை என்பார்கள். காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்.

பத்தடிக் குளத்துக்குப் பெரும்பாலும் அடிதான் வேலை செய்யும். அதோடு நாளாக நாளாக வண்டல் படியும், இலை அழுகும். ஆகவே குறைந்தது இரண்டால் வகுக்க வேண்டும்: 0.67. இப்போது மூன்றடித் தண்ணீர் இறங்க 54 மணி நேரம். நேற்று ஆறு மணி நேரம் என்று எழுதியவனும் நான்தான்.

அதே 300 கன அடியை இருபதுக்குப் பதினைந்து, ஓரடி ஆழமாக வெட்டினால் 18 மணி நேரத்தில் போய்விடும். ஆழத்தைவிடப் பரப்புதான் உதவும். ஆனால் அதற்கு ஒரு பேர்ச்சுக்கு (272 சதுர அடி) மேல் இடம் வேண்டும். ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணியில் வீடு கட்டும் நம் ஆட்களிடம் போய் அதைச் சொன்னால் அடி விழும்.

2023 ஜூலை 23

"டெஸ்டில் பாஸ் ஆன குளம் ஏன் பிறகு நிற்கிறது?" என்று ஒருவர். என் சொந்தக் கதையையே சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன், டிக்கோயாப் பக்கம் ஒரு விளையாட்டு மைதானம். ஓரத்தில் மழைத் தண்ணீருக்கு ஒரு பள்ளம். டெஸ்ட் நான்தான் செய்தேன், அருமையான அளவு. பிறகு மண் வெட்டும் இயந்திரம், பெக்கோ, வந்தது. பள்ளத்தை வெட்டிய பெக்கோ, பள்ளத்துக்குள்ளேயே நின்று திரும்பித் திரும்பி ஓடி, அடியைச் சமப்படுத்தியது. நான் கரையில் நின்று, என்ன அழகாகச் சமப்படுத்துகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் மழைக்கு நிறைந்தது, ஐந்து நாள் அப்படியே நின்றது. நான் அளந்த மண் இப்போது அங்கே இல்லை. பெக்கோவின் பாரத்தில் அது வேறு மண்ணாகிவிட்டது. டெங்கு நுளம்பு பெருகும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார். கடைசியில் ஆறு பேரை விட்டு, இறுகிய மண்ணைத் தளர்த்த அடி முழுக்க முள்ளுக் (பல் வைத்த மண் கிளறி) குத்தினோம். தேயிலை மலையில் குத்துவார்களே, அதேதான். ஓரளவு சரி வந்தது, முழுக்க வரவில்லை.

குளம் வெட்டும் பெக்கோ கரையில் நின்று கையை நீட்டி வெட்ட வேண்டும். கடைசி அரை அடியை ஆட்கள் மண்வெட்டியால் எடுக்கட்டும்.

2023 ஜூலை 24

சேற்றுத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடாது என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். நியாயம், அது பாத்திரத்தில் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். ஆனால் அந்தப் பள்ளத்தில் மிதந்த யோகட் கோப்பைகளை நான் எண்ணவில்லை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். இரண்டு, மூன்று நாளுக்குள் வற்ற வேண்டும் என்று சொல்வதே அதனால்தான்.

2023 ஆகஸ்ட் 6

சுடுதண்ணீர் ஊற்றினால் வேகமாக இறங்கிப் பாஸ் ஆகுமா என்று நுவரெலியாவிலிருந்து ஒரு குறும்பர். ஆகும். உண்மையாகவே ஆகும். 10 பாகை செல்சியஸில் இருக்கும் தண்ணீர் 20 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் கனத்துப் பாயும், எண்ணெய் குளிரில் இறுகுவது மாதிரி. நுவரெலியா விடியற்காலையில் அளப்பதற்கும் பதுளையில் மத்தியானம் அளப்பதற்கும் அந்த வித்தியாசம் வரும். ஆனால் மழை சுடுதண்ணீராகப் பெய்யாது, ஐயா.

இன்னொருவர், இங்கிலாந்தில் பெரிய குழியாகவே வெட்டிச் செய்கிறார்களே என்கிறார். ஆமாம், குழியை மூன்று தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் முக்கால் மட்டத்திலிருந்து கால் மட்டத்துக்கு இறங்கும் நேரத்தைப் பார்த்து, மூன்றில் மெதுவானதை எடுப்பார்கள். நல்ல முறை. தண்ணீர் பவுசருக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம்: வெட்டிய குழிச் சுவரைப் பாருங்கள். ஒரே சிவப்பு, மஞ்சள் என்றால் காற்றோட்டமுள்ள மண். சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த புள்ளிகள் இருந்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்று அர்த்தம், இன்று தூசி பறந்தாலும் சரி. குளத்தின் அடிக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் நடுவில் மூன்றடியாவது இல்லாவிட்டால் டெஸ்டே வேண்டாம்.

2023 ஒக்டோபர் 22

தம்பி ஜூலையில் வெட்டவில்லை, காசு சேரவில்லையாம். நல்லதாய்ப் போயிற்று. மழை தொடங்கி இரண்டு கிழமை ஆன பிறகு அதே முதல் குழியைச் சுரண்டித் துப்புரவாக்கி மறுபடி அளக்கச் சொன்னேன். அரை மணிக்கு அரை மணி: இரண்டே கால், ஒன்றே முக்கால், ஒன்றரை, ஒன்றே கால், ஒன்றே கால், ஒன்றே கால்.

மணிக்கு இரண்டரை அங்குலம். சுவரைக் கழித்தால் 0.52. பாதியாக்கினால் 0.26. மூன்றடித் தண்ணீருக்கு ஐந்தரை நாளுக்கு மேல். ஜூலையில் அரை மணி நேரத்தில் வற்றிய அதே இடம்.

மழைக்கால அளவைத்தான் எடுக்க வேண்டும், குளம் வேலை செய்யப்போவது மழைக்காலத்தில்தானே. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் என்றால் மே முடிந்து அளக்க வேண்டும், ஊவாவில் ஒக்டோபருக்குப் பிறகு.

அந்த இரண்டாவது குழியில் இப்போதும் தண்ணீர் நிற்கவில்லை என்கிறார். குளத்தை அங்கே மாற்றலாமா என்று கேட்கிறார். ஊர் முழுக்க ஈரமாக இருக்கும்போது ஒரு குழி மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போய்ப் பார்க்கப் போகிறேன்.

2023 ஒக்டோபர் 25

போனேன். ஹட்டனிலிருந்து ரயில், பண்டாரவளையில் இறங்கித் தம்பியின் மோட்டார் சைக்கிள். கீழ்வீட்டு அம்மாதான் முதலில் வரவேற்றார், நான் ஏதோ அரசாங்க ஆள் என்று நினைத்து.

குழியில் நாலு வாளி ஊற்றினேன், நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போனது. ஐந்தாவது வாளியில் சாயம் கலந்து எங்கே வருகிறது என்று பார்க்கலாம் என்று கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) கொண்டுபோயிருந்தேன். ஊதா நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மட்கு உள்ள மண் கொண்டிஸைத் தின்றுவிடும், நிறமே போய்விடும், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு சொட்டு ஊதாவும் எங்கும் வரவில்லை.

வந்தது வேறு. கீழ்வீட்டுக்கும் தம்பியின் காணிக்கும் நடுவில் ஆளுயரத்தில் ஒரு கருங்கல் அணைச் சுவர் இருக்கிறது. அதில் கசிவுக்கு விட்ட பைப் துண்டுகள் ஐந்து. அந்த அம்மா இஸ்தோப்பிலிருந்து கூப்பிட்டார், "இங்கே வந்து பாருங்க தம்பி" என்று. வலமிருந்து இரண்டாவது பைப்பில் தண்ணீர். முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி, பிறகு தேநீர் நிறத்தில் கலங்கல். ஒரு விரலை வைத்துப் பார்த்தேன், நகத்தில் மண். மற்ற நாலு பைப்பும் வெறும் ஈரம். வாளி ஊற்றி முக்கால் மணி நேரம்கூட இல்லை.

அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். இந்தக் காணிகள் பிரிக்கும் முன் இது தேயிலை மலை, அந்த வேலி ஓரமாக ஒரு கான் (வடிகால்) ஓடியது, பிறகு குப்பையும் மண்ணும் போட்டு மூடினார்கள் என்றார். அவருடைய வீட்டுக்காரரே அந்தக் கானை வெட்டியவராம். ஜூலையிலிருந்து நாங்கள் அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருந்தோம், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிர்ஷ்டக்காரர் என்று ஜூலை 16-இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் குழி தண்ணீரை மண்ணுக்குள் விடவில்லை, அம்மாவின் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுகிறது, வழியில் இருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு.

2023 ஒக்டோபர் 29

இன்றைய தேதியில், 2014-இல், கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை இறங்கியது. அதே பதுளை மாவட்டம். அதை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுதவும் முடியவில்லை.

சமதரையில் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புவது புண்ணியம், கிணறு ஊறும். சரிவில் அதே தண்ணீர் மண்ணுக்குப் பாரமாகிறது, மண் துகள்களின் பிடியையும் தளர்த்துகிறது. மலையடியில், பழைய சரிவுகளில் வந்து குவிந்த கல்லும் மண்ணும் கலந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே பெர்கொலேஷன் டெஸ்ட் பிரமாதமாகப் பாஸ் ஆகும், ஏனென்றால் அது இறுகாத மண். சரியப்போகும் மண்ணும் அதுதான்.

ஆகவே மலையில் இந்த டெஸ்டைக் குளம் வெட்ட அனுமதி என்று நினைக்காதீர்கள். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை மட்டும் அது சொல்லும், எங்கே போகிறது என்பதை நாம்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கீழே புதிதாக ஊற்று கிளம்பினாலோ, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, காலமெல்லாம் ஓடிய பீலி நின்றாலோ, தரையில் வெடிப்புக் கண்டாலோ, உடனே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். புதிதாகக் கட்டுவதற்கு முன்பும் அந்த நிறுவனத்திடம்தான் மண்சரிவு அறிக்கை எடுக்க வேண்டும், தம்பியிடம் வீட்டுக்கு எடுத்தது இருக்கிறது. அதைப் பிரித்து வாசித்தோம். மேற்பரப்புத் தண்ணீரைக் கான் வைத்து வெளியேற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

2023 நவம்பர் 5

"வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டத்தில் கானுக்குள் பூட்டு வைத்துத் தண்ணீரை மண்ணுக்கு விடுகிறார்களே, மலை விழுந்துவிட்டதா?" என்று கோபமாக ஒருவர். நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பூட்டு என்பது கானுக்குக் குறுக்கே விடும் சின்ன மண் தடுப்பு. அந்தக் கானில் பூட்டு பிடிப்பது கொஞ்சத் தண்ணீர், முக்கியமாக வண்டல். மிச்சம் வழிந்து அடுத்த பூட்டுக்குப் போய், கடைசியில் ஓடைக்குப் போய்விடும். மலை முழுக்கப் பரவலாக, தேயிலை வேரின் பிடிக்குள். நாம் செய்யப் பார்த்தது ஒரு வீட்டுத் தண்ணீர் முழுவதையும் ஒரே குழியில், ஒரு சுவருக்குப் பின்னால். பராமரிக்காத கான்கள் எத்தனை மலையைக் கெடுத்தன என்பது தனிக் கதை, தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எழுதட்டும்.

2023 நவம்பர் 6

தம்பிக்கு இப்போது என்ன வழி என்று எல்லாரும் கேட்கிறீர்கள். கூரை 1,200 சதுர அடி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மண்சரிவு எச்சரிக்கையின் முதல் கட்டம் தொடங்கும், அந்த மழையையே கணக்குக்கு எடுத்தேன். 8,400 லீற்றர் வருகிறது. அவர் முதலில் கேட்ட பத்துக்குப் பத்து, மூன்றடிக் குளத்தின் கொள்ளளவும் ஏறத்தாழ அதுவேதான். அளவு சரியாகத்தான் நினைத்திருக்கிறார், இடமும், கசியவிடும் அடியும்தான் பிழை.

ஆகவே அதே அளவில் கசியாத கொங்கிரீட் தொட்டி, வீட்டுக்கு மேற்பக்கம், பாதை ஓரத்தில் வெட்டிச் சமமாக்கிய தரையில். அணைச் சுவருக்குக் கிட்டக்கூட வரக்கூடாது, நிறைந்தால் எட்டரைத் தொன் பாரம். அடியில் முக்கால் அங்குல ஓட்டை ஒன்று, அதிலிருந்து பைப் பாதைக் கானுக்கு. முழுத் தொட்டி வெளியேற ஆறரை மணி நேரம் எடுக்கும். நேராகக் கூரையிலிருந்து விட்டால் கீழே இருக்கும் சின்ன மதகு தாங்காது. மேலே வழிவதற்கு நாலங்குலப் பைப். பிரதேச சபையில் கேட்டுவிட்டுத்தான் கானில் இணைக்க வேண்டும், அது தனியாக ஒரு மாதம்.

வேலி ஓரத்துப் பழைய கானைத் திறந்து, குப்பையை அள்ளி, களிமண்ணால் இடித்து மூட வேண்டும். இதை முதலில்.

2023 டிசம்பர் 17

மூடியாயிற்று. குப்பைக்குள் ஒரு பழைய முள்ளு கிடைத்தது, பிடி இல்லாமல். அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

2024 ஜனவரி 14

தொட்டி கட்டி முடிந்து முதல் நல்ல மழை வெள்ளிக்கிழமை இரவு. முற்றத்தில் வைத்த பிஸ்கற் டின்னில் 41 மில்லிமீற்றர். தொட்டியில் இரவு பத்து மணிக்கு ஓரடி நாலு அங்குலம் நின்றதாம், தம்பி டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் அடியில் இலையும் ஒரு தவளையும். ஓட்டைக்கு முன்னால் நுளம்பு வலை கட்டச் சொன்னேன், ஏற்கெனவே கட்டிவிட்டாராம், அதனால்தான் தவளைக்கு வழி கிடைக்கவில்லை.

வலமிருந்து இரண்டாவது பைப் காய்ந்து கிடக்கிறது என்று கீழ்வீட்டு அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். இப்போது சண்டை முற்றத்து மாமர இலைக்காம்.